நனையாத கால்கள்

நாற்பத்தொரு வயதாகிறது எனக்கு.
இந்த ஏரியில் ஒருமுறைகூடக் கால் நனைத்ததில்லை.
ஆண் இறங்கினால் பாசி மலடாகும் என்பது
கானெம் மணற்காட்டில் எங்கள் கட்டு.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று
அலுத்துக்கொள்பவர்கள் உண்டு.
என் கதை நேர்மாறு.
வாய்க்கு எட்டிய ஏரி
கைக்கு எட்டவில்லை.

விடியலில் பெண்கள் கரையோரம் வரிசையாய் நிற்பார்கள்.
கெல்லு கையசைக்கும்வரை யாரும் இறங்குவதில்லை.
பிறகு ஒரே நேரத்தில்
நாற்பது துணிகள் முழங்காலுக்கு மேல் ஏறும்.
காற்று ஒதுக்கிவைத்த பச்சையைச்
சுரைக்குடுக்கையில் அள்ளிக்
கரைமணலில் தோண்டிய வட்டக் குழிகளில் ஊற்றுவார்கள்.
மணல் நீரைக் குடித்துவிட்டுப்
பச்சையை மட்டும் விட்டுவைக்கும்.
என் மனைவி யக்குரா அதை உள்ளங்கையால் தடவிச்
சமன்செய்து, விரலால் கட்டம் போடுவாள்.
அங்கிருந்துதான் என் வேலை.
காயவைப்பேன். மூட்டை கட்டுவேன்.
கழுதையோடு சந்தைக்கு நடப்பேன்.

திஹே என்று பெயர் அதற்கு.
கம்பங்களிக்குக் குழம்பு,
மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடம்,
எனக்கு மஞ்சள்காமாலை வந்த வருடம்
ஊசிக்கும் வண்டிக்கும் ஆன கடன்,
எல்லாம் அடைந்தது அந்தக் கட்டங்களால்.

ஏரி இருப்பதால் கிணறு இருக்கிறது.
கிணறு இருப்பதால் நான்கைந்து ஈச்சமரங்கள்.
அவை நிற்பதால்தான் வடக்கே உள்ள மணல்மேடு
இன்னும் எங்கள் கதவைத் தட்டவில்லை.
உவர்ப்பூத்த மண்ணை நக்க மாடுகள் வருகின்றன.
பனிக்காலத்தில் எங்கிருந்தோ வாத்துகள் இறங்குகின்றன;
ஆண் வாத்துகளும்தான்.
பாசி இதுவரை மலடாகவில்லை.
இதை நான் கெல்லுவிடம் சொன்னதில்லை.

போன வருடம் தலைநகரிலிருந்து ஜிம்ரசெம் வந்தான்,
நீர்த்துறை ஊழியன்,
சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட அளவுகோலும்
முழங்கால் வரை ரப்பர் காலணியுமாக.
நேரே தண்ணீரை நோக்கி நடந்தான்.
கெல்லு குறுக்கே நின்றாள்.
அவன் பொறுமையாய் விளக்கினான்:
தெற்கே இருக்கும் பெரிய ஏரியும் இதுவும்
மணலுக்கு அடியில் கைகோத்திருக்கின்றன,
அது இளைத்தால் இது இளைக்கும்,
அதனால் அளக்க வேண்டும்.
"அது எங்களுக்குத் தெரியும்.
கோலைக் கொடு" என்றாள் கெல்லு.

யக்குரா கோலோடு இறங்கினாள்.
அவனுக்கு எங்கள் மொழி தெரியாது,
அவளுக்கு எண்களின் எழுத்து தெரியாது.
அவள் நடு ஏரியில் நின்று கூவினாள்,
நான் கரையில் நின்று பிரெஞ்சில் சொன்னேன்,
அவன் எழுதினான்.
"மூன்றாம் சிவப்புப் பட்டை, அதற்கு மேல் நாலு விரல்."
எழுதினான்.
"என் இடுப்புக்குக் கீழே."
சிரித்துக்கொண்டே எழுதினான்.
"கல்யாணமான வருடம் இதே இடத்தில்
எனக்கு மார்பளவு."
பேனா நின்றது.
அவன் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
ஓரத்தில், சின்ன எழுத்தில், எழுதிக்கொண்டான்.

கோலை எங்களிடமே விட்டுப்போனான்.
மாதம் ஒருமுறை அவள் கூவுகிறாள்,
நான் எழுதுகிறேன்.
இந்த மாதம் முழங்கால்.
மூட்டைகள் பதினொன்றிலிருந்து ஆறு.
கழுதைக்குச் சுமை குறைந்ததில் மகிழ்ச்சி,
அதற்கு மட்டும்.

இன்று எழுதி முடித்துக் குனிந்து பார்த்தேன்.
காலடியில் வெடித்த சேறு,
அதில் உலர்ந்து ஒட்டிய பச்சைத் தோல்.
என் கல்யாணத்தன்று கரை என்பது
அதோ, அந்த ஈச்சமரத்தடி.
முதுகுக்குப் பின்னால், அறுபது எட்டு.

கட்டை மீறாமலே
ஏரிக்குள் வந்து நிற்கிறேன்.
கால் மட்டும் நனையவில்லை.